வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

கராஜுக்குப் போகுமுன் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

மாட்டு வண்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இக்கட்டுரையின் அடிப்படை ஏற்கெனவே தெரிந்ததுதான். இடப்பக்க மாடு சோம்பலாக நடந்தால் வண்டில் இடப்பக்கம் போகும். வலப்பக்க அச்சில் மசகு காய்ந்து சில்லு இறுகினால் வண்டில் வலப்பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் பின்நிற்கிறதோ, அந்தப் பக்கமே வண்டில் திரும்பும். காருக்கும் வானுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கும் இதே விதிதான் பெரும்பாலும் பொருந்தும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கான காரணத்தைப் பல சந்தர்ப்பங்களில் பணச் செலவில்லாமல் வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

எமது பகுதியில் ஒரு வீட்டு வண்டி அந்த வீட்டுக்கு மட்டும் உழைப்பதில்லை. காலையில் வயல் உழுத லான்ட்மாஸ்டர் மத்தியானம் நெல்மூடை ஏற்றும். இரவில் பிள்ளைப்பேற்றுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும். கோயில் திருவிழாவுக்கும் மரணச் சடங்குக்கும் பெட்டி நிறைய ஆட்களை ஏற்றிச் செல்வதும் அதுவே. அப்படிப்பட்ட வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், அது சாரதியின் கைநோவோடு முடிந்துவிடும் விடயமல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் வாகரையிலிருந்தும் படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தம் இயந்திரங்களை வளவிலும் வாடியிலும் விட்டுவிட்டே புறப்பட்டன. திரும்பி வந்தவர்களுட் சிலர் துருப்பிடித்த இயந்திரத்தைத் திருத்தி எடுத்தனர். சிலர் பழைய வண்டியொன்றைக் கைமாற்றாக வாங்கினர். சிலர் லீசிங்கில் எடுத்து, இரண்டு போக நெல்லை நம்பித் தவணை கட்டினர். இவர்களில் எவராலும் "இதை மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அதை மாற்றிப் பார்ப்போம்" என்று சாமான் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. காரணம் தெரிந்த பின்னரே பணம் செலவழிக்க வேண்டும்.

எப்போது இழுக்கிறது?

"எந்தப் பக்கம் இழுக்கிறது?" என்றே எல்லோரும் முதலில் கேட்கின்றனர். அதற்கு முன் "எப்போது இழுக்கிறது?" என்று கேட்க வேண்டும். இதற்கு மூன்று விடைகள் உண்டு.

1. ஓடும்போது எந்நேரமும் இழுக்கிறது.
2. பிறேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கிறது.
3. பாரம் இழுக்கும்போது, அல்லது வேகம் கூட்டும்போது மட்டும் இழுக்கிறது.

முதலாவதாயின் ரயர், காற்று, இறுகிய சில்லு, முன் அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாயின் பிறேக்கைத் தவிர வேறெதையும் முதலில் தொட வேண்டியதில்லை. மூன்றாவதாயின் கிளச், ஸ்பிரிங், அச்சுப் பிணைப்பு, இழுக்கப்படும் கலப்பை அல்லது பெட்டி ஆகியவற்றில் கவனம் செலுத்த வேண்டும். சாரதி இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே உரிமையாளர் சாரதியைக் கோபிப்பதை விட்டு, அவரிடம் இதைக் கேட்டறிவது நல்லது. வண்டியோடு நாள் முழுதும் இருப்பவர் அவரே.

வீதியையும் சந்தேகிக்க வேண்டும்

மழைநீர் வடிவதற்காக வீதிகளை நடுவில் உயர்த்தி இரு ஓரமும் சாய்த்தே அமைக்கின்றனர். எமது நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவதால் நாம் எப்போதும் இடப்பக்கச் சரிவிலேயே செல்கிறோம். ஸ்ரியறிங்கைத் தளர்த்திப் பிடித்தால் நல்ல வண்டியும் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கும். அது பழுதல்ல.

ஆகவே சோதனைக்கு ஆட்போக்குவரத்து இல்லாத சமதரை ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பெரிய விளையாட்டு மைதானம், வெட்டிய பின் காய்ந்து இறுகிய வயல், நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் என்பன ஏற்றவை. வீதியிலேதான் பார்க்க வேண்டுமாயின், வெறுமையான நேரத்தில் ஒரே துண்டில் போயும் திரும்பி வந்தும் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் வீதியின் ஒரே ஓரத்துக்கே வண்டி ஒதுங்கினால் குற்றம் வீதியின் சரிவில். இரு தடவையும் வண்டியின் ஒரே பக்கத்துக்கு இழுத்தால் குற்றம் வண்டியில்.

எந்நேரமும் இழுத்தால்

காற்று: ஒரு ரயரில் காற்றுக் குறைந்தால் அது நசிந்து, உருளுவதற்குக் கூடிய தடை தரும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ரயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில், மானி வைத்து அளக்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது. காரின் ரயருக்கு வழமையாக 28 முதல் 32 இறாத்தல் வரை காற்று அடிப்பர். அந்தக் காருக்குரிய சரியான அளவு பெரும்பாலும் சாரதிக் கதவின் ஓரத்திலுள்ள தகட்டில் இருக்கும். உழவு இயந்திரத்தின் பெரிய ரயர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே தேவை. எந்த வண்டியாயினும் ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ரயர்: ஒரு பக்கம் புதிய ரயரும் மறுபக்கம் மொட்டை ரயரும் போட்டால் வண்டி நேராக ஓடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய முறை நைலோன் ரயர் போடுவதும் தவறாகும். ரயரின் உட்பட்டி விட்டுப்போனாலும் இழுக்கும். அவ்வாறான ரயரில் ஒரு வீக்கம் தெரியக்கூடும், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் கண்ட ரயர் எப்போது வெடிக்குமென்று சொல்ல முடியாது. அதை உடனே கழற்றிவிடுங்கள்.

ரயரிலா பிழை என்பதை அறியச் செலவில்லாத வழியொன்று உண்டு. முன் இரு சில்லுகளையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினாலோ மறைந்துவிட்டாலோ பிழை ரயரில். இழுப்பு மாறாமல் அதே பக்கம் இருந்தால் ரயரை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள். ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள ரயர்களை இப்படி மாற்றக்கூடாது. அவற்றை அதே பக்கத்தின் பின் சில்லோடு மாற்றிப் பார்க்கலாம்.

இறுகிய சில்லு: பிறேக் பிடித்த பின் ஒரு சில்லு முற்றாக விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தால், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், எரிபொருளும் வீணாகும். இரண்டு மூன்று மைல் ஓடி, கூடியவரை பிறேக் பிடிக்காமல் வண்டியைத் தானாக நிற்கவிடுங்கள். பின் ஒவ்வொரு றிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிறேக் உரசுகிறது, அல்லது பெயாரிங் இறுகியிருக்கிறது. அடுத்து அந்தச் சில்லை ஜக் வைத்து உயர்த்திக் கையால் சுழற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகக்கூடாது. மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, அச்சின் கீழே வைரமான மரக்குற்றி கொடுக்க வேண்டும்.

முன் அச்சு: பிள்ளைகள் சைக்கிள் றிம்மைத் தடியால் உருட்டி ஓடுவதைப் பார்த்திருப்போம். றிம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வளைந்து ஓடும். வண்டியின் சில்லும் அப்படியே. முன் சில்லொன்று தேய்ந்த மூட்டினாலோ, இறங்கிய ஸ்பிரிங்கினாலோ, குழியில் விழுந்து வளைந்த பாகத்தினாலோ வெளிப்பக்கம் சரிந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகப் பார்க்கும். உயர்த்திய சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கோ மூட்டோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்ரியறிங் கம்பியின் மூட்டுகளைப் பாருங்கள். இன்றும் சிலர் பேணி ஓட்டும் மொறிஸ் மைனர் காரில் முன் சில்லைத் தாங்கும் கீழ்மூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அது தேய்ந்து கழன்றால் முன் சில்லு அப்படியே மடிந்து விழும்.

நண்டு ஓட்டம்: வான், லொறி போன்றவற்றின் பின் அச்சைப் பட்டை ஸ்பிரிங்கின் நடுவிலுள்ள ஒரு போல்ட் இடத்தில் நிறுத்துகிறது. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்தள்ளும். வண்டி நண்டுபோல் சாய்வாக ஓடும். நேராக ஓட்ட ஸ்ரியறிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டிவரும். இதை அறிவது எளிது. ஒரு கயிற்றை எடுத்து, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்ரியறிங் நேராக இருக்கும்போது இரு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈர மணலில் நேராக ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. பின் சில்லின் தடங்கள் முன் சில்லின் தடங்களுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி அமைய வேண்டும்.

"அலைன்மென்ட்" பற்றி ஒரு வார்த்தை. வண்டி இழுக்கிறது என்று சொன்னவுடன் முதலில் அலைன்மென்ட் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முன் சில்லுகள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ அளவுக்கு மிஞ்சித் திரும்பியிருந்தால் ரயர் விரைவில் தேயும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறை இரு சில்லும் பங்கிட்டுக்கொள்வதால், அதனால் மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுப்பது குறைவு. தேய்ந்த மூட்டோடு அலைன்மென்ட் செய்தால் அடுத்த குழியில் அது மீண்டும் குழம்பிவிடும். காற்று, ரயர், பிறேக், மூட்டுகள் எல்லாம் பார்த்த பின் கடைசியாகவே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பிறேக் பிடிக்கும்போது இழுத்தால்

இதுவே மிகவும் ஆபத்தானது. இதிலேதான் தவறான சில்லைக் கழற்றுவதும் அதிகம். பிறேக் பிடிக்கும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தால், வலப்பக்க பிறேக் கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். வண்டில் விதியை நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் பின்நிற்பதால்தான் வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. அதாவது வலப்பக்கம் பிடிக்கிறது. பெரும்பாலும் இடப்பக்கம் பிடிக்கவில்லை. ஆகவே முதலில் இடப்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள்.

இதை உறுதிசெய்ய வெப்பச் சோதனையை வேறு விதமாகச் செய்யலாம். சமதரையில் மெதுவாக ஓட்டி, எட்டுப் பத்துத் தடவை பிறேக் பிடித்து நிறுத்திய பின் முன் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இம்முறை குளிர்ந்திருக்கும் பக்கமே வேலை செய்யாத பக்கம். பிறேக் பிடிக்காமல் ஓடும்போது சூடாகும் சில்லு குற்றவாளி. பிறேக் பிடித்தும் சூடாகாத சில்லும் குற்றவாளி.

பிடிக்காத பக்கத்தில் பின்வருவன காணப்படலாம். சில்லுச் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். டிஸ்க் பிறேக்காயின் அது அசைந்து கொடுக்கும் ஊசிகள் துருவேறியிருக்கலாம். லைனிங் தேய்ந்து முடிந்திருக்கலாம். அந்தக் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். சிலிண்டர் கசிந்தோ, அச்சின் ஒயில் சீல் கசிந்தோ லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கலாம். எண்ணெய் ஊறிய லைனிங் வழுக்கும். சில வேளை அதற்கு மாறாகத் திடீரென்று கவ்வவும் செய்யும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெற்றோலால் கழுவிப் போடுவது நிலைக்காது. கசிவை நிறுத்திவிட்டு, ஒரே அச்சின் இரு பக்கமும் புதிய லைனிங் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு வேறு பக்கம் திரும்பும்.

சில வண்டிகளில் பிறேக் விட்ட பின்னும் இழுப்புத் தொடரும். சில்லுக்குப் போகும் ரப்பர்க் குழாய் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டால், பெடலை மிதிக்கும்போது ஒயில் உள்ளே போகும். விடும்போது திரும்பி வராது. வெளியே பார்த்தால் குழாய் நல்லதாகவே தெரியும். பழைய வண்டியில் இதை மறந்துவிடலாகாது.

பிறேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலோ டீசலோ ஒருபோதும் ஊற்றக்கூடாது. அவை பட்டால் உள்ளேயுள்ள ரப்பர் வட்டுகள் ஊதிப் பெருத்து, எல்லாச் சில்லும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். அந்த ரப்பர்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும் அவ்வாறே கெடுக்கும். புதிய பிறேக் ஒயிலாலேயே கழுவ வேண்டும்.

மாரி காலத்தில் வெள்ளம் பாயும் வீதியைக் கடந்தவுடன் டிறம் பிறேக்குகள் நனைந்து, ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் விடும். கடந்தவுடன் மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை இலேசாகச் சில தடவை மிதித்தால் சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்த பின்னும் இழுத்தால் மட்டும் கழற்றிப் பாருங்கள்.

நான்கு சில்லு உழவு இயந்திரம்

மசி பேர்குசன் 135, 240 போன்ற இயந்திரங்களில் இடப் பின்சில்லுக்கு ஒன்றும் வலப் பின்சில்லுக்கு ஒன்றுமாக இரு பிறேக் பெடல்கள் உண்டு. வயலின் மூலையில் ஒரு பெடலை மட்டும் மிதித்துக் குறுகலாகத் திருப்புவதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. வீதிக்கு ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட வேண்டும். கொக்கி போடாமல் வேகமாகச் செல்லும்போது அவசரத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால், இயந்திரம் அந்தப் பக்கம் சுழன்று புரளலாம். கொக்கி உடைந்துபோன இயந்திரங்கள் பல ஓடுகின்றன. அதை ஒட்டுவேலைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்வது சிறு செலவு.

கொக்கி போட்டிருந்தாலும், இரு பிறேக்கும் ஒரே அளவாகப் பிடிக்காவிட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். வயலில் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உழுவதால் அந்தப் பக்க லைனிங் விரைவில் தேய்வது வழமை. சோதிக்கும் முறை இது. பெட்டியைக் கழற்றிவிடுங்கள். இரு பெடலையும் தனித்தனியே கையால் அழுத்தி, பிடிக்கத் தொடங்கும் வரை உள்ள வெறும் அசைவை அளவுகோலால் அளந்து சமப்படுத்துங்கள். பின் காய்ந்த சமதரையில், கொக்கி போட்டு, குறைந்த வேகத்தில் நேராக ஓட்டி, கிளச்சையும் பிறேக்கையும் சேர்த்து மிதித்து நிறுத்துங்கள். இறங்கி மண்ணிலுள்ள தடத்தைப் பாருங்கள். இரு பின் ரயர்களும் இழுபட்ட கோடுகள் ஒரே நீளமாக இருந்தால் நல்லது. குறுகிய கோடு உள்ள பக்கம் பலவீனமான பக்கம். அதைச் சிறிது சிறிதாக இறுக்கி மீண்டும் சோதியுங்கள்.

பெட்டியில் நெல்மூடைகளை ஒரு பக்கம் கூடுதலாக அடுக்கினாலும், பெட்டியின் ஒரு ரயரில் காற்றுக் குறைந்தாலும் இயந்திரம் கோணலாக இழுபடும். பெட்டிக்குப் பிறேக் இல்லாவிட்டால், இயந்திரம் நிற்கும்போது பாரம் முழுவதும் பின்னாலிருந்து தள்ளும். பிறேக்கிலும் இழுப்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து இயந்திரத்தையும் பெட்டியையும் மடக்கிவிடும். பெட்டியில் பிள்ளைகள் இருக்கும்போது இப்படி நடந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

உழும்போது மட்டும் இழுத்தால் இயந்திரத்தைக் குறை சொல்லாமல் கலப்பையைப் பாருங்கள். கலப்பை நடுவில் பூட்டப்பட்டுள்ளதா, இருபக்கச் சங்கிலிகளும் சரியான அளவா, ஒரு பக்கக் கொழு மட்டும் ஆழமாக இறங்குகிறதா, ஒரு பக்கக் கொழுக்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

லான்ட்மாஸ்டர்: இறக்கத்தில் கவனம்

லான்ட்மாஸ்டர் என்பது பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஓர் இரு சில்லு இயந்திரத்தின் பெயர். யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு இயந்திரங்கள் வந்த பின்னரும் எமது மக்கள் வாயில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இதில் ஸ்ரியறிங் இல்லை. இரு கைபிடியின் கீழும் ஒவ்வொரு சைட் கிளச் உண்டு. இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லுக்குப் போகும் விசை அறும்; வலச் சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும்.

கையை எடுத்த பின்னும் ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கக் கிளச் முற்றாக மீளவில்லை என்று கொள்ளலாம். கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கலாம், சேறு அடைத்திருக்கலாம், மீட்கும் ஸ்பிரிங் களைத்திருக்கலாம், அல்லது கம்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். பிடியில் சிறிது வெறும் அசைவு இருக்க வேண்டும். பாரம் இழுக்கும்போது மட்டும் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பிடித்தால் உள்ளே பற்கள் தேய்ந்திருக்கக்கூடும். அதற்குக் கராஜே போக வேண்டும். சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சில்லில் ஒன்று வளைந்திருந்தாலும் இழுக்கும்.

இனி இக்கட்டுரையில் மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். இறக்கத்தில் சைட் கிளச் எதிர்மாறாக வேலை செய்யும். சமதரையில் இயந்திரம் சில்லுகளைத் தள்ளுகிறது. இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ள, இயந்திரம் சில்லுகளைத் தடுத்துப் பிடிக்கிறது. அப்போது இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லு தடையின்றி உருளும். வலச் சில்லு மட்டும் தடுக்கப்பட்டுப் பின்நிற்கும். வண்டில் விதிப்படி இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திருப்ப நினைத்த சாரதி திடுக்கிட்டு இன்னும் பலமாக அழுத்துவார். இயந்திரம் இன்னும் வலப்பக்கமே போகும்.

மட்டக்களப்பு சமதரைதானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் கட்டுகளிலிருந்து இறங்கும் வழிகள், 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் போன்ற பாலங்களுக்கு ஏறி இறங்கும் அணுகுவீதிகள், வீதியிலிருந்து வயலுக்குச் சரியும் பாதைகள் எல்லாம் இதற்குப் போதுமான இறக்கங்களே. இறக்கம் தொடங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறையுங்கள். இறங்கும்போது சைட் கிளச்சைத் தொடாமல் கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள். பெட்டியின் கால் பிறேக்கை மெதுவாகப் பயன்படுத்துங்கள். பெரிய கிளச்சை விட்டு வெறுமையாக உருளவிட வேண்டாம். புதிதாக ஓட்டப் பழகும் இளைஞருக்கு, ஆட்களை ஏற்றுமுன், வெறும் பெட்டியோடு சிறு சரிவொன்றில் இதைக் காட்டிக் கொடுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டி, வெள்ளம் கண்ட வண்டி

2011 ஜனவரி வெள்ளம்போல் நீர் ஏறிய காலங்களில் சில்லு மூழ்கி நின்ற வண்டியும், இடப்பெயர்வினால் ஆண்டுக்கணக்காக நின்ற வண்டியும் ஒரே வியாதியையே காட்டும். எஞ்சினை இயக்கியவுடன் "வண்டி சரி" என்று ஓட்டிவிட வேண்டாம். நான்கு டிறம்மையும் கழற்றித் துருவை நீக்க வேண்டும். பெயாரிங்குகளைக் கழுவிப் புதிய கிரீஸ் வைக்க வேண்டும். வாவியின் உவர்நீர் பட்டிருந்தால் முதலில் நன்னீரால் கழுவ வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பழைய ஒயில் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே அதை முழுதாக வெளியேற்றிப் புதியது ஊற்ற வேண்டும். ஒரே இடத்தில் நின்ற ரயர் அடியில் தட்டையாகி, பக்கச்சுவரில் வெடித்திருக்கும். காற்று நிற்கிறது என்பதற்காக அதை நம்பிப் பாரம் ஏற்றக்கூடாது.

கராஜில் என்ன சொல்ல வேண்டும்?

"ஒரு பக்கம் இழுக்குது, பாருங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். எப்போது இழுக்கிறது, எந்தப் பக்கம், எவ்வளவு காலமாக, அதற்கு முன் வண்டிக்கு என்ன வேலை செய்யப்பட்டது, நீங்கள் எதையெல்லாம் சோதித்தீர்கள் என்பதை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் இதை விரும்புவார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்தபின் அவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

பெரும்போக நெல் ஏற்றத் தொடங்குமுன், அயலிலுள்ள இரண்டு மூன்று வண்டிக்காரர் ஒரு நாள் காலை ஒன்றுகூடி, ஒரு காற்று மானியையும் ஒரு ஜக்கையும் பகிர்ந்துகொண்டு இச்சோதனைகளைச் செய்யலாம். ஒருவர் ஓட்ட மற்றவர் தடம் பார்ப்பதற்கும், ஒருவர் பெடல் மிதிக்க மற்றவர் குழாயின் காற்றை எடுப்பதற்கும் இரண்டு பேர் எப்படியும் தேவை.

நினைவில் வைத்திருக்க:

• முதலில் "எப்போது?", பிறகு "எந்தப் பக்கம்?"
• வண்டி பின்நிற்கும் பக்கத்துக்கே திரும்பும்.
• காற்று, ரயர், பிறேக், மூட்டு ஆகியவற்றின் பின்னரே அலைன்மென்ட்.
• பிறேக் பிடிக்கும்போது வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத்தை முதலில் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்தை.
• உழவு இயந்திரம் வீதிக்கு ஏறுமுன் இரு பெடலுக்கும் கொக்கி.
• லான்ட்மாஸ்டரின் சைட் கிளச்சை இறக்கத்தில் தொட வேண்டாம்.
• பிறேக் பிடிக்கும்போது இழுக்கும் வண்டியில், திருத்தும் வரை ஆட்களை ஏற்ற வேண்டாம்.